மேலிடத்து மிஸ்

"இதை ஆர் முடிவெடுத்தது?" என்று அவர் கேட்கும்போது குரலில் ஒரு கடுமையும் இருக்காது. தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்பதைப்போலத்தான் கேட்பார். தலையைக் கொஞ்சம் சரித்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு, பதில் வரும்வரைக்கும் அசையாமல் நிற்பார். அவர் அப்படி நிற்பதுதான் எங்களுக்குப் பயம்.

நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் தெரியாமலில்லை. அந்தப் பெயரை வாயால் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. இன்றைக்கும் எனக்கு வரவில்லை.

சண்டை முடிந்து ஊர் மெல்ல மெல்ல மூச்சுவிடத் தொடங்கிய காலம் அது. மன்னார் பள்ளிமுனைக் கரையில் ஒரு வெளிநாட்டுக் கொம்பனி நண்டுத் தொழிற்சாலை போட்டிருந்தது. வள்ளங்களில் வருகிற நீலக்கால் நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, சதையைப் பிரித்தெடுத்து, தகர ரின்னில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். சதை பிரிக்கிற வேலை முழுக்கப் பெண்களுடையது. நான் கந்தோரில், மனேச்சரின் பக்கத்து அறையில் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா பிலோமினா உள்ளே மேசையில் நண்டு பிரித்தாள். அவளுடைய புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவளும் அவளுடைய மகளும் நானும்தான் வீட்டில்.

மிஸ் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர். பிறந்தது மன்னாரில்தான், ஆனால் பால்பல் விழுமுன்னமே கொழும்புக்கும் பிறகு கடல் கடந்தும் போய்விட்டவர். உலகம் முழுக்கக் கிளை விரித்திருக்கிற கொம்பனிகளுக்குத் தலைமைக் கந்தோர் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது முன்பு என்ன செய்தது, இப்போது என்ன செய்கிறது, அது செய்த வேலையெல்லாம் எங்கே போயிற்று என்று ஆராய்வதுதான் அவர் தொழில். தலைமயிர் நரைக்கும்வரை அதையே ஆராய்ந்திருக்கிறார். அதற்கு ஏன் மன்னாருக்கு வரவேண்டும் என்று நான் ஒருமுறை துணிந்து கேட்டேன்.

"மேல இருந்து பாத்துப் பாத்துக் களைச்சுப்போனன் ஸ்டெல்லா. கீழ இருந்து பாத்தா மேலிடம் எப்பிடித் தெரியுது எண்டு பாக்க வந்தனான்" என்றார்.

எப்படித் தெரிந்தது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. எங்கள் கண்ணுக்கு அவர்தான் மேலிடம்.

பல்கலைக்கழகக் கடிதத்தோடு வந்த முதல் நாளே, பெண்களெல்லாம் கையைக் கழுவிவிட்டு வரிசையாக நிற்க, அவர் தெளிவாகச் சொன்னார்: "நான் கொம்பனி ஆள் இல்லை. நான் படிப்பிக்கிறவ. உங்களுக்கு என்னால ஒரு பிரச்சினையும் வராது." அவ்வளவுதான். அவர் கொம்பனி ஆள் என்று எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. எங்கள் ஊருக்குப் பார்க்க வந்தவர்கள் எவரும் தாங்கள் யார் என்று உள்ளதைச் சொன்னதில்லை. மீற்றர் பார்க்க வந்தவன் வேறு எதையோ பார்த்துக்கொண்டு போனான். பழைய இரும்பு வாங்க வந்தவன் வீட்டில் ஆண்பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்துவிட்டுப் போனான். பிரச்சினை வராது என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே சாமான் கட்டி வைக்கிறவர்கள் நாங்கள்.

வரிசையில் நின்ற லூர்து அக்கா என் காதில் சொன்னாள்: "பாத்தியே, எவ்வளவு நல்ல மாதிரிக் கதைக்கிறா. பெரிய இடம்தான்."

அவருடைய கேள்வி தொழிற்சாலையோடு நிற்கவில்லை. அது ஒரு வியாதி மாதிரி. மன்னார் பஸ் நிலையத்தில் தலைமன்னார் பஸ் பிந்திப் புறப்பட்டால், மற்றவர்கள் விசிறிக்கொண்டு இருப்பார்கள். மிஸ் போய் நேரக்காப்பாளரிடம், "இது பிந்திப் போறதெண்டு ஆர் முடிவெடுத்தது?" என்று கேட்பார். கோபமில்லை, மெய்யாகவே அறிய ஆசை. அவன் டிப்போவைக் காட்டினான். டிப்போவில் போய்க் கேட்டார். அவர்கள் இன்னொரு ஆளைக் காட்டினார்கள். அங்கேயும் போனார். மறுநாள் சாரதி பாதிச் சாப்பாட்டில் பார்சலை மடித்து வைத்துவிட்டு நேரத்துக்குப் பஸ்ஸை எடுத்தான். ஏறப்போன சனம் பின்னால் ஓடியது. மிஸ் அதைக் கவனிக்கவில்லை. அவர் மூன்றாவது ஆள் சொன்ன பதிலைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்.

கோயிலிலும் விடவில்லை. பூசை முடிந்து வெளியே வந்த பங்குச் சுவாமியாரிடம், பிரசங்கம் இவ்வளவு நேரம் இருக்கவேணும் என்பது யாருடைய தீர்மானம் என்று சிரித்தபடி கேட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் தொடங்கியதும் தெரியாது, முடிந்ததும் தெரியாது. அதற்காகப் பள்ளிமுனைச் சனம் மிஸ்ஸுக்கு மெழுகுதிரி கொளுத்தாத குறை. இதையெல்லாம் சொல்லி நாங்கள் சிரித்தோம், உண்மைதான். ஆனால் அவர் படலையடியில் வந்து நிற்கிறார் என்றால் சிரித்த வாயை மூடிக்கொள்வோம்.

ஒருநாள் கந்தோரில் என் மேசைக்கு அருகில் வந்து நின்றார். "ஸ்டெல்லா, நீங்கள் இஞ்ச என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டார். செய்கிற வேலையை மட்டுமல்ல, செய்யாத வேலையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார், நன்றி சொன்னார், போய்விட்டார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வேலை தேவையில்லாதது என்று மேலே எழுதப் போகிறார் என்று நினைத்தேன்.

இது பைத்தியக்காரப் பயம் என்று வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். எங்கள் அப்பாவின் முருங்கையைப் பற்றிச் சொன்னால் விளங்கும். நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலம். வீட்டுக்கு முன்னால், வேலியோரம், காய்த்துக் குலுங்குகிற முருங்கை ஒன்று நின்றது. காவலரணில் இருந்து வந்த ஒரு ஆமிக்காரன் படலைக்கு வெளியே நின்று மரத்தைப் பார்த்தான். "இது ஏன் இங்க நிக்குது?" என்று உடைந்த தமிழில் கேட்டான். சும்மா கேட்டேன் என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவன் போனான். அவன் தெருமுனை திரும்புமுன் அப்பா கோடரியை எடுத்துவிட்டார். பிஞ்சும் பூவுமாக மரம் முற்றத்தில் கிடந்தது. ஆமிக்காரன் மறுநாள் வந்து பார்த்து, "ஏன் வெட்டினது?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு அப்பா இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார். கடலுக்குப் போகலாமா, கடை திறக்கலாமா, மாமி வீட்டில் தங்கலாமா என்பதையெல்லாம் ஒருவரும் எங்களுக்குக் கட்டளையாகச் சொன்னதில்லை. கேட்பார்கள். நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காதவர்கள் சிலர் இப்போது இல்லை.

மிஸ் இந்த மண்ணில் பிறந்தவர்தான். ஆனால் இந்தப் பாடம் தொடங்குமுன்பே வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரியில் பணிஸ் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். எப்போதும் வாசலுக்குக் கிட்ட உள்ள கதிரையில்தான் இருப்பார். உள்ளே வந்து இருங்கோ என்றால், "இல்லை, இது போதும்" என்பார். தேத்தண்ணியை ஆறவிட்டுத்தான் குடிப்பார். அப்படி இருந்த ஒருநாள் தன் வேலையை எனக்கு விளங்கப்படுத்தினார்.

"முந்தித் தலைமைக் கந்தோர் எண்டால் ஒரு பெரிய கட்டடம். வாசலில காவல்காரன். மேல்மாடியில ஒரு அறை. அந்த அறையில ஒரு ஆள் கையெழுத்து வச்சால் எங்கயோ ஒரு நாட்டில தொழிற்சாலை திறக்கும், இல்லாட்டிப் பூட்டும். நான் படிக்கிற காலத்தில அப்பிடி ஒரு கட்டடத்துக்குப் போனனான். காவல்காரனிட்டப் பேர் சொல்லவே பயந்தனான். கன வருஷம் கழிச்சு அதே கட்டடத்துக்குத் திரும்பப் போனன். கீழ ஒரு பல்லு வைத்தியர். மேல உடற்பயிற்சி செய்யிற இடம். கொம்பனிக்கு எண்டு ஒரு மூலையில ரெண்டு அறை, நாலு பூச்சாடி."

"அப்ப முடிவெல்லாம் ஆர் எடுக்கிறது மிஸ்?"

"அதைத்தான் தேடுறன். கணக்குப் பாக்கிறது ஒரு நாட்டில, ஆளெடுக்கிறது இன்னொரு நாட்டில. ஆசியாவுக்கு ஒரு கந்தோர், அதுக்குக் கீழ இன்னொண்டு. ஒவ்வொரு ஆளிட்டயும் போய்க் கேட்டனான். எல்லாரும் நல்ல மனுசர். கோப்பி தருவினம். இது என்ர முடிவில்லை, மேலிடம் எண்டுவினம். மேலிடத்துக்குப் போனால் அவையும் மேலிடம் எண்டுதான் சொல்லுகினம்."

பிறகு, நான் கேட்காமலே, தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். கொழும்பில் ஒரு வெளிநாட்டுக் கொம்பனியில் கிளாக்கராக இருந்தவர். ஒரு நாள் காலையில் போனால் வாசல் பூட்டு. ஏன் என்று எழுதிக் கேட்டார். ஒவ்வொரு கடிதத்துக்கும் மரியாதையான பதில் வந்தது, இன்ன இடத்துக்கு எழுதவும் என்று. அந்த இடத்துக்கும் எழுதினார். காலையில் சேர்ட் போட்டு, சப்பாத்து மினுக்கி, அந்தப் பூட்டிய வாசல்வரைக்கும் போய்வருவாராம், சாகும்வரைக்கும்.

"ஆரைக் கோவிக்கிறது எண்டுகூட அவருக்குத் தெரியேல்ல" என்று சொல்லிவிட்டு மிஸ் ஆறின தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். அன்றைக்கு எனக்கு அவரில் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே ஒழியப் பயம் போகவில்லை.

எங்கள் மனேச்சர் நானாட்டான் ஆள். வயல் செய்கிற குடும்பத்தில் இருந்து படித்து வந்தவர். நல்ல மனிதர், ஆனால் வயிற்றெரிவு, காஸ்ரிக் வருத்தக்காரர். கொழும்பில் இருந்து தொலைபேசி அடித்தால் கதிரையை விட்டு எழுந்து நின்றுதான் எடுப்பார். ஒரு மணித்தியாலத்தில் இவ்வளவு சதை பிரிக்கவேணும், பிரிக்காதவர்களை நிற்பாட்டவேணும் என்று கொம்பனிக்கு ஒரு சட்டம் இருந்தது. எங்கள் ஊரில் அந்தச் சட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாத கைகள் இருந்தன. அக்காவின் இடது கையில் இரண்டு விரல் மடங்காது, ஷெல் துண்டு பட்டது. லூர்து அக்காவுக்குப் பார்வை மங்கல். இன்னும் சிலருக்கு வயது.

மனேச்சர் இவர்களை நிற்பாட்டவில்லை. சுவரோரமாக ஒரு மேசையைப் போட்டு, இவர்களை மட்டும் அங்கே இருத்தினார். அவர்கள் பிரிக்கிற சதையை மற்ற மேசைகளின் சதையோடு கலந்து நிறுக்கச் சொன்னார். யாருக்கும் சொல்லவில்லை, எழுதி வைக்கவும் இல்லை. சுவரோர மேசையில் அவசரமில்லை. அங்கே இருந்துதான் பாட்டும் பகிடியும் வரும்.

மிஸ்ஸின் கண்ணில் அது படாமல் இருக்குமா? ஒருநாள் அவரும் மனேச்சரும் உள்ளே நடந்துவர, நான் பின்னால் போனேன். மிஸ் சுவரோர மேசையடியில் நின்றார். கையுறைகள் மெதுவாக அசைவதைப் பார்த்தார். மற்ற மேசைகளைப் பார்த்தார். விளங்கிவிட்டது. முகம் அப்படியே மலர்ந்தது. அவ்வளவு சந்தோஷத்தோடு நான் அவரைக் கண்டதில்லை.

"இது ஆர்ர யோசனை?" என்று கேட்டார்.

மனேச்சரின் நெற்றியில் வியர்வை வந்தது. "அது... முந்தி இருந்தவை போட்டது மிஸ். நான் மாத்திறன்."

"ஐயோ, மாத்தவேண்டாம். நான் சும்மா கேட்டனான்."

சும்மா கேட்டனான் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முருங்கை மரம் விழுகிற சத்தம் கேட்டது. மிஸ் என்ன நினைத்து அப்படிக் கேட்டார் என்பதைப் பிறகு என்னிடம் சொன்னார். உலகமெல்லாம் அலைந்து, இது நான் எடுத்த முடிவு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய ஒரு மனிதனைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தாராம். அந்த மனிதனின் கையைப் பிடித்துக் குலுக்கவேணும்போல இருந்ததாம்.

அடுத்த திங்கட்கிழமை அந்த மேசை தொழிற்சாலை முற்றத்தில், ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில், கால்கள் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. அதில் இருந்தவர்களைப் படலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை குறைவு, பிறகு கூப்பிடுவோம் என்று சொன்னார்களாம். அக்கா தலையில் போட்ட வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் தெருவால் நடந்து வந்திருக்கிறாள். நான் பின்னேரம் வீட்டுக்குப் போனபோதும் அது தலையில்தான் இருந்தது.

"நான் குவைத்துக்குப் போறன்" என்றாள் அக்கா.

"இந்தக் கையோட உன்னை ஆர் எடுப்பினம்?"

"கையைக் காட்டாமல் போறன். ரவுணில ஏஜென்சியில கேட்டனான். பிள்ளையை நீ பாத்துக்கொள்ளு."

அவளுடைய மகளுக்கு அப்போதுதான் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை கொடுத்திருந்தது. தாய் சொன்னதைக் கேட்டுவிட்டு, போய்த் தாயின் சட்டைகள் வைத்த பெட்டியின் மேல் ஏறி இருந்துகொண்டாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன எங்கள் ஒழுங்கைப் பெண் ஒருத்தி திரும்பி வந்து இன்னும் யாரோடும் கதைப்பதில்லை. அக்காவின் விரலை அங்கே ஒரு எசமாட்டி கண்டுபிடிக்கிற நேரத்தை நினைத்து எனக்கு உடம்பு குளிர்ந்தது. என் சம்பளத்தில் மூன்று பேர் இருப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வேலையும் இருக்குமா என்று தெரியாததால் சொல்லவில்லை.

மிஸ்ஸுக்கு ஒன்றும் தெரியாது. அவர் சிலாவத்துறைப் பக்கம் நண்டு பிடிக்கிறவர்களோடு கதைக்கப் போயிருந்தார். அன்று பின்னேரமே, திரும்புகிற வழியில், எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் பணிஸ்.

"பிலோமினா, வேலை முடிஞ்சும் ஏன் இன்னும் தொப்பியோட இருக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

அக்கா எழுந்து நின்றாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "பிழை என்ரதான் மிஸ். கை கொஞ்சம் சுணங்குது. நான் பழகிறன். இனிப் பாட்டெல்லாம் படிக்கமாட்டன் மிஸ்."

மிஸ் என்னைப் பார்த்தார். "என்ன நடந்தது?"

"மேசையை எடுத்துப்போட்டினம் மிஸ்."

"ஆர்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். அவர் கேட்க வந்ததைக் கேட்காமல் விட்டது அதுதான் முதல்தரம்.

"நீங்கள் கேட்டீங்கள் மிஸ்" என்று நான் சொன்னேன். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. முருங்கைக் கதையையும் சொன்னேன். அவர் வாசல் கதிரையில் இருக்கவில்லை. சீமெந்து நிலத்தில், பணிஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே இருந்துவிட்டார். "நான் அவரைப் பாராட்டத்தானே கேட்டனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா அதையும் விளங்கிக்கொள்ளாமல், "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மனேச்சரின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது, என் மேசைக்கு எல்லாம் கேட்டது.

"மேசையை எடுக்கச் சொல்லி நான் சொல்லேல்லையே" என்றார் மிஸ்.

"ஓம் மிஸ். நீங்கள் சொல்லேல்ல. அது முழுக்க என்ர முடிவு." மனேச்சர் நிமிர்ந்து நின்று சொன்னார். மேலிடத்தைக் காப்பாற்றுகிற முகம் அது.

"நான் கொம்பனி ஆள் இல்லை. என்னால உங்களை ஒண்டும் செய்யேலாது. விளங்குதே?"

"நல்லா விளங்குது மிஸ்."

"சரி, கொழும்புக்கு அடிச்சுக் கேளுங்கோ."

"அடிச்சனான் மிஸ். உங்களுக்கு ஒரு குறையும் வைக்கவேண்டாம் எண்டுதான் சொன்னவை."

மிஸ் தானே தொலைபேசியை எடுத்துக் கொழும்புக் கந்தோருக்கு அடித்தார். ஆங்கிலத்தில் கதைத்தார். எனக்கு விளங்கின அளவில், அவர் மன்னாரில் மாற்றங்கள் செய்கிறார் என்று கொழும்புக்குச் செய்தி போயிருந்தது. கொழும்பு அதைச் சிங்கப்பூரில் உள்ள ஆசியக் கந்தோருக்குச் சொல்லியிருந்தது. இவரை யார் அனுப்பினது என்று சிங்கப்பூருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. தங்களுக்கும் மேலே யாரோ அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்து, ஒத்துழைக்கவும் என்று திருப்பி எழுதியிருந்தார்கள். அதற்கு மேலே எவரும் கேட்கவில்லை.

அவர் என் அறைக்கு வந்து, நான் கொடுத்த கதிரையில் இருந்தார். கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் பயந்துபோய் இருக்கினம் ஸ்டெல்லா. மேல வரைக்கும் ஒரே பயம்தான். அப்பாட கடிதமும் இந்த மனேச்சர் மாதிரி ஒரு ஆளிட்டத்தான் போயிருக்கும். எழும்பி நிண்டு வாசிச்சிருப்பார்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இப்ப நான் என்ன செய்யிறது? நான் சொல்லுறதை ஒருத்தரும் நம்பீனமில்லை."

"சொல்லாதேங்கோ மிஸ். கேளுங்கோ."

"என்னத்தை?"

"அந்த மேசை எங்க எண்டு கேளுங்கோ."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. நான் அவர் கையில் எதையோ திணித்ததைப்போலப் பார்த்தார். "அப்பிடிக் கேட்டால் நான் மேலிடத்து ஆளாவே ஆகிடுவன்" என்றார்.

"அக்கா ஏஜென்சிக்குப் படம் எடுக்கப் போறா மிஸ்" என்றேன்.

அவர் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மேசை இருந்த இடத்தில், வெறும் சீமெந்தில் நின்று, தலையைக் கொஞ்சம் சரித்தார். மனேச்சர் ஓடி வந்தார்.

"இஞ்ச ஒரு மேசை இருந்ததே, அது எங்க?"

அவ்வளவுதான் கேட்டார். மனேச்சர் முற்றத்துக்கு ஓடினார். தானே மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மத்தியானத்துக்குமுன் எங்கள் வீட்டுக்கும் லூர்து அக்கா வீட்டுக்கும் மற்றவர்கள் வீட்டுக்கும் ஆள் போனது.

அந்தக் கிழமையே மிஸ் மன்னாரை விட்டுப் போனார். அவர் எழுதவிருந்த புத்தகத்தைப் பற்றிப் பிறகு ஒரு செய்தியும் எனக்கு வரவில்லை. நல்லதைத்தான் செய்துவிட்டுப் போனார், நான் அதை மறுக்கவில்லை. அக்கா குவைத்துக்குப் போகவில்லை. பிள்ளை தாயோடுதான் வளர்ந்தாள். ஆனால் அவரை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு முதலில் வருவது நன்றியல்ல, மேசை திரும்பி வந்த மறுநாள் காலைதான்.

சதை பிரிக்கிற மண்டபத்துக்கும் நடைவழிக்கும் நடுவில் பெரிய கண்ணாடி ஒன்று உண்டு, வருகிறவர்கள் வெளியில் நின்றே பார்க்கிறதற்கு. மிஸ் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்தார். அக்கா தன் இடத்தில் இருப்பதைப் பார்க்க ஆசை. பார்த்தார், அக்காவைப் பார்த்துச் சிரித்தார், கைகூடக் காட்டினார். லூர்து அக்கா கண்டுவிட்டாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். ஒரு நொடியில் சுவரோர மேசை முழுக்கக் குனிந்தது. மடங்காத விரலும் மங்கின கண்ணும் நரைத்த தலையுமாக அவர்கள் பிரித்த வேகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நண்டின் ஓடு அக்காவின் விரலில் ஏறியது. கையுறைக்குள் சிவப்புப் பரவுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. அவள் அந்தக் கையை மேசைக்குக் கீழே மறைத்துவிட்டு மற்றக் கையால் பிரித்தாள்.

"ஏன் இப்பிடிச் செய்யினம்?" மிஸ் கேட்டார்.

"நீங்கள் நிக்கிறீங்கள் மிஸ்."

அவர் சட்டென்று விலகிக் கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார். இனி உள்ளே இருப்பவர்களுக்கு அவர் தெரியமாட்டார். நான் மட்டும் கண்ணாடியின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். அவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். கண்ணாடியில் ஆளில்லை. கதவைப் பார்த்தார்கள், மேலே காற்றோட்ட வலையைப் பார்த்தார்கள், ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். எங்கே நின்று பார்க்கிறார் என்று தெரியவில்லை. பிறகு முன்னையதைவிட இன்னும் தாழக் குனிந்தார்கள், இன்னும் வேகமாகப் பிரித்தார்கள். அக்கா மறைத்த கையையும் மேசைக்கு மேலே கொண்டுவந்துவிட்டாள்.

சுவரோடு ஒட்டி நின்றபடி, உள்ளே பார்க்கத் துணியாமல், மிஸ் என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப பரவாயில்லையே, ஸ்டெல்லா?" என்று கேட்டார்.

என்னையறியாமல் மனேச்சரைப்போல நிமிர்ந்து நின்றேன்.

"ஓம் மிஸ்" என்றேன்.